ராத் கணக்குக்கு மாற்றிவிட்டேன்

லோரெட்டா,

அடுப்பில் சோளச் சூப் இருக்கிறது. நான்கு மணிக்கு ஒருவர் படகைப் பார்க்க வருவார். கேட்கிற விலைக்கே கொடுத்துவிடு. சாவி கதவோரம் தொங்குகிறது.

உன்னைக் கேட்காமல் என் ஓய்வுக்காலச் சேமிப்பு முழுவதையும் ஒரேயடியாக ராத் கணக்குக்கு, அதாவது வரியை இப்போதே கட்டிவிடும் ஓய்வுக்காலக் கணக்குக்கு, மாற்றிவிட்டேன். பிற்காலத்தில் எடுக்கும்போது வரி இல்லை என்பதை மட்டும்தான் பார்த்தேன். மாற்றிய தொகை முழுவதும் இந்த வருட வருமானமாகிவிட்டது. வரி கட்ட வழியில்லை. வருமானம் கூடிவிட்டதால் உன் மருத்துவக் காப்பீட்டுக்கு அரசு தரும் உதவியும் போய்விடும். "திருப்பி மாத்த சட்டத்துல இடமே இல்ல, ஆர்லோ" என்று கணக்கர் கையை விரித்துவிட்டார்.

மரக்கடையில் வேலை கேட்கப் போகிறேன்.

ஆர்லோ

பி.கு.: காலையில் "என்னத்த மறைக்கிற?" என்று நீ கேட்டதும் கத்தினேனே, அது கோபமில்லை, பயம். வந்ததும் நன்றாகத் திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.