பாதிச் சவரம்

அன்பு மகன் வஜீஹுக்கு அம்மா எழுதுவது. அல்லாஹ்வின் அருளால் எருமையும் நானும் சுகம், உன் அப்பா பாதி சுகம். ஜெர்மனியில் நீ சுகமாகத்தான் இருப்பாய், அங்கே கைகால் விழுந்தவனை இருபது நிமிஷத்தில் ஊசி போட்டு எழுப்பிவிடுகிறீர்களாமே. பக்கவாதத்தில் யார் எங்கே பிழைக்கிறார்கள் என்று நீ வரைந்த எகிப்து வரைபடத்தை உன் சித்தப்பா கல்லாஃப் காட்டினான். கெய்ரோ பச்சை, தெற்கே நாங்கள் சிவப்பு. ரொம்ப சந்தோஷம், நம் ஊரும் ஒரு படத்தில் வந்துவிட்டது.

போன வெள்ளிக்கிழமை காலை ரொட்டி தின்னும்போதே அப்பாவின் வாய் கோணிக்கொண்டது. கல்லாஃப் பெரிய டாக்டர் மாதிரி, "ஒண்ணுமில்ல அண்ணி, காத்து அறைஞ்சிருக்கு, ஜன்னலச் சாத்துங்க" என்றான். சாத்தினோம், விசிறியை நிறுத்தினோம், ஒன்றரை மணி நேரம் காற்று இறங்கக் காத்திருந்தோம். சிரிக்கச் சொல்லிப் பார் என்று நீ போனில் எடுத்த பாடம் அப்புறம்தான் நினைவு வந்தது. கல்யாணத்தன்றே சிரிக்காத மனிதரை எங்கே சிரிக்கச் சொல்வது? கையைத் தூக்கச் சொன்னேன், "யார அடிக்கணும்?" என்று குழறினார். வண்டி வாசலுக்கு வந்தது. டவுனுக்குத் தாடியோடு போனால் குடும்பத்தை என்ன நினைப்பார்கள் என்று சவரத்துக்கு உட்கார்ந்துவிட்டார். நானும் அவருடைய நல்ல ஜலாபியா அங்கியைத் தேடி எடுத்து இஸ்திரி போட்டேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அரை மணி கழித்து, "முடிஞ்சுது, போலாம்" என்று வந்தார். வலது கன்னம் பளபள, இடது கன்னத்தில் சோப்புகூடப் படவில்லை. கல்லாஃப் சிரித்தான். அந்தப் பக்கம் ஒரு கன்னம் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை, மகனே.

அப்புறம் நூற்று இருபது கிலோமீட்டர். முதல் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுப்பவருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, நோய்க்குத்தான் விடுமுறை கிடையாது. இரண்டாவதில் ஒரு சின்னப் பெண் டாக்டர், "நாலரை மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா ஊசி போட்டிருப்பேம்மா, அரை மணி தாண்டிப்போச்சு" என்றாள். அந்த அரை மணி எங்கே போனது என்று எனக்குத் தெரியும்.

உயிர் பிழைத்துவிட்டார், உன் படத்தில் சிவப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள். இடது கை எழவில்லை, அதிகாரம் மட்டும் குறையவில்லை. வலது கன்னத்தை அவரே மழிக்கிறார், இடது கன்னத்தை நான். நீ உப்பைக் குறை, அடுத்த படம் வரையுமுன் ஒருமுறை வந்து போ. உன் இரண்டு கைக்கும் அல்லாஹ் குறை வைக்காமல் இருக்கட்டும். அப்பா கேட்டால் அந்த அரை மணி வழியில் போனது என்று சொல். அன்று ஜலாபியாவில் மடிப்பு எவ்வளவு கச்சிதம் என்று வருகிறவர்களிடமெல்லாம் என்னைப் புகழ்ந்துகொண்டிருக்கிறார்.

உன் அம்மா,
ஸனிய்யா