மண் அணைத்த வாரம்

என்னங்க,

நீங்கள் போனை வைத்து இரண்டு நாள் ஆகியும் எனக்கு மனம் ஆறவில்லை. அடையாளம் கட்டிய பத்துக் கரும்பும் ஒரே வாரத்தில் அரையடி குறைந்திருந்தால் நான் மட்டும் திகைக்க மாட்டேனா? டேப்பை மூன்று முறை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சிதம்பரத்தில் இருக்கும் உங்களுக்குப் போன் செய்தேன்.

"வளர்ற பயிரு எப்படிடி குறையும்? இத்தினி வாரமா வூட்ல குந்திக்கினே அளவு எழுதினியா?" என்றீர்கள்.

உங்கள் ஆராய்ச்சிக்காகப் பதினோரு ஞாயிறு, கரும்புச் சோகை கையைக் கிழிக்க அளந்தவள் நான்.

இன்று மறுபடியும் நெல்லிக்குப்பம் வயலுக்குப் போனேன். வேலைக்கு வரும் சிலம்பரசன் சிரித்துவிட்டார். "கரும்பு குறையலம்மா. சார் போன்ல சொன்னாருன்னு வெள்ளிக்கிழம கரும்புத் தூருல மண்ணு அணைச்சோம். தரதான் ஒசந்துபோச்சி."

அணைக்கச் சொன்னது நீங்கள். என்னிடம் சொல்லாததும் நீங்கள்.

மண்ணைத் தோண்டி, பழைய தரையில் குச்சி ஊன்றி, ஓரடி உயரத்தில் கோடு போட்டிருக்கிறேன். கோட்டிலிருந்து அளந்து, ஓரடி கூட்டிக்கொள்ளுங்கள். நோட்டும் டேப்பும் இத்துடன் இருக்கின்றன.

வரும் ஞாயிறு நீங்களே அளந்துகொள்ளுங்கள். நான் செம்மண்டலத்தில், அம்மா வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
பதினோரு வாரமும் வயலில் நின்றே எழுதியவள்