வரிக்காய்த் தட்டு

உத்திரமேரூர்
4-2-2025

அன்புள்ள வரதண்ணனுக்கு ஹமீதா எழுதுவது.

போனை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடி, அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். சிரிக்காதீர்கள், ஆபரேஷன் முடிந்த உங்கள் வயிற்றுத் தையல் பிரிந்துவிடும்.

என் வீட்டுக்காரர் மௌத்தாகிப் போன பிறகு நான் தனியாக நாற்று விட்ட முதல் பருவம் இது. விதையில்லாத தர்பூசணி நாற்றைக் காவாந்தண்டலம் ஊர் முழுக்கக் கொடுத்தேன். கொடி நன்றாக ஓடுகிறது, பூக்கிறது. பிஞ்சுதான் நிற்கவில்லை, மஞ்சளாகி உதிர்கிறது. அதைக் கேட்டுத்தான் போன் ஓயாமல் அடிக்கிறது.

நேற்று அங்கே நாற்று வாங்கிய வெங்கடேசன் வந்தார். டீ குடித்தார். "கௌஸ் பாய் இருந்திருந்தா..." என்றார், எழுந்து போய்விட்டார். திட்டியிருந்தால் நானும் நாலு திட்டியிருப்பேன். அதிலிருந்து வாசலில் பைக் நின்றாலே பின்பக்கம் போய்விடுகிறேன்.

எல்லாரும் விதையைக் குழியில் போட்ட காலத்தில், தட்டில் நாற்று வளர்த்துச் சைக்கிளில் ஊர் ஊராக விற்கப்போன பைத்தியம் இவர். முதலில் வாங்கிய பைத்தியம் நீங்கள். அந்தப் பேர் என் கையில் ஒரே பருவத்தில் போய்விடுமோ அண்ணே?

புது ரகம் எதுவானாலும் முதலில் உங்கள் நிலத்தில் நட்டுப் பார்த்துத்தானே அடுத்தவருக்குக் கொடுப்பார்? போன வருஷம் இது உங்களுக்கு எப்படிக் காய்த்தது?

தாம்பரம் போகும் விஜயின் காய்கறி வண்டியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

டிரம்மின் மேலிருந்து,
ஹமீதா

பி.கு: விதைப் பெட்டியில் தோலில் கோடு போட்ட பழைய தர்பூசணி, வரிக்காயின் விதையும் கலந்து வந்துவிட்டது. அது யாருக்கு வேண்டும்? முளைத்ததை எறிய மனசு வராமல், நர்சரிக்குப் பின்னால் சும்மா கிடந்த உங்கள் நிலத்தில் நட்டுவிட்டேன். கேட்காமல் நட்டேன் என்று வாடகை கேட்காதீர்கள்.

தாம்பரம்
5-2-2025

தங்கச்சி ஹமீதாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. டாக்டரைக் கூப்பிடவா என்றான் என் பையன் கார்த்திக். "வரிக்காய்க்கு டாக்டர் இன்னாடா பண்ணுவாரு?" என்றேன்.

அது கலந்து வரவில்லையம்மா. பாய் கேட்டு வாங்கியது. விதையில்லாத கொடியின் மகரந்தம் உதவாது. நடுநடுவே ஒரு வரிசை வரிக்காய் நடவேண்டும். தேனீ அதிலிருந்து கொண்டுவந்து சேர்த்தால்தான் பிஞ்சு நிற்கும். "வரதா, இது மாப்பிள்ளை வரிசை" என்று சிரிப்பார். உன்னிடம் சொல்லாமலே போய்விட்டார். நானாவது சொல்லியிருக்க வேண்டும்.

என் நிலத்தில் வரிக்காய் பூத்திருந்தால் பிழைத்தோம். விடிந்ததும் அடியில் பிஞ்சு இல்லாத ஆண் பூவாகப் பறித்துப் போ. காவாந்தண்டலத்தில் பிஞ்சோடு மலர்ந்த பூவில் அதைத் தேய்க்கச் சொல். வெயில் ஏறினால் பலிக்காது. முதலில் எல்லாரையும் கூட்டி நடந்ததை நீயே சொல்லிவிடு. பாய் அப்படித்தான் செய்திருப்பார்.

நிற்குமா என்று எனக்கும் பயம்தான். போனை வெளியே எடு.

வரதன்

உத்திரமேரூர்
14-3-2025

வரதண்ணனுக்கு,

பூ பறித்த முதல் நாளே எல்லாரையும் கூட்டிச் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை வரிசைக் கதையையும் சேர்த்துத்தான். வெங்கடேசன்தான் முதலில், "மாப்ளய வூட்லயே வச்சிக்கினு பொண்ணுங்கள மட்டும் அனுப்பிக்கிறியேம்மா, இன்னா நாயம்?" என்றார். அப்புறம் துண்டில் பூவை வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பிஞ்சு எலுமிச்சை அளவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. காலை நாஷ்டா மட்டும் இரண்டு தரம்.

காய் பெருத்துவிட்டது. ஆனால் ஒன்றையும் அறுத்துப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. உள்ளே வெளுத்திருந்தால்? எப்போதும் போல முதல் காய் உங்களுக்குத்தான். நீங்களே அறுத்துச் சொல்லுங்கள் என்று இந்தக் கடிதத்தோடு அனுப்ப வாசலில் எடுத்து வைத்தேன்.

காய் ஏற்ற வந்த வேதகிரி, பார்க்காமல் டிராக்டரைப் பின்னால் எடுத்து அதன்மேல் ஏற்றிவிட்டார்.

பழம் நன்றாகச் சிவந்திருந்தது. விதை இல்லை.

ஹமீதா