பெரியசாமியின் அந்தி வேட்டு

1946 மாசி, செவ்வாய் இரவு.

வேப்பந்தட்டை மலையோரம் தனி வீட்டில் இருக்கும் பெரியசாமி, பொழுது சாய்ந்ததும் வானத்தைப் பார்த்து ஒரு வேட்டுப் போடுவார். துப்பாக்கி இருப்பது திருடர்களுக்குத் தெரியட்டும் என்று. என் காளைகள் மிரள்கிற எரிச்சலில், மணியக்காரனான நான் வீண் வேட்டு என்று தாலுகா ஆபீசுக்கு எழுதினேன். லைசென்ஸை ரத்து செய்து துப்பாக்கியை வாங்கிக்கொண்டார்கள். நேற்றுத் திருடர்கள் வந்து அவர் கையை வெட்டிவிட்டார்கள்.

இன்று காலை போய்ப் பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சம்சாரம்தான் பேசினாள்.

"சத்தம் நின்னதுமே வூட்ல துப்பாக்கி இல்லன்னு தெரிஞ்சிக்கிட்டானுங்க, மணியக்காரரே."

அந்தச் சத்தத்தை நிறுத்தியது நான் என்று அவளுக்குத் தெரியுமா? கேட்கத் துணியவில்லை.

இன்று பொழுது சாய்ந்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. என் துப்பாக்கியை எடுத்து வானத்தைப் பார்த்து ஒரு வேட்டுப் போட்டேன். காளைகள் மிரண்டன. யாரும் என்னை ஏன் என்று கேட்கவில்லை.