அக்தரின் பூசணிப் பாத்தி

786
சதுரங்கப்பட்டினம்
21.3.1976

அன்பு மகன் ரஹ்மத்துல்லாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உன் தங்கை உம்மு சல்மாவும் உன் பிள்ளைகள் இரண்டும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், குவைத்தில் உன் சுகத்தையும் அவனிடமே கேட்டுக்கொண்டிருக்கிறோம். சின்னவன் முனீருக்கு இருமல் விட்டுவிட்டது, வீடெல்லாம் ஓடுகிறான். பனி போய் வெயில் ஏறத் தொடங்கிவிட்டது, கொல்லையில் வேம்பு பூத்துக் கொட்டுகிறது, மாமரம் இந்த வருஷம் கடல் காற்றுக்குத் தப்பிப் பிஞ்சு பிடித்திருக்கிறது. மருமகள் ஜெய்புன்னிசா வைத்த மல்லிகையும் அரும்பு கட்டியிருக்கிறது, அவள் ஐப்பசி மழையில் மௌத்தாகி அடக்கமான பிறகு இதுதான் முதல் பூப்பு, பறிக்க சல்மாவுக்குக் கை வரவில்லை.

பிள்ளைகள் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது பொறுக்காமல் சல்மாதான் கிணற்றடியில் பாத்தி போடலாம் என்றாள். நம் மணலில் என்ன வரும், வண்டிக்காரச் சடையப்பனிடம் சொல்லித் திருக்கழுக்குன்றத்துப் பக்கமிருந்து ஒரு வண்டி செம்மண் கொண்டுவந்து கொட்டினேன். இரண்டும் பூசணி விதையும் வெண்டை விதையும் ஊன்றின. முனீர் பாதியை வாயில் போட்டுக்கொண்டான். பெரியவள் அக்தர் எழுந்ததும் முகம் கூடக் கழுவாமல் ஓடிப்போய் மண்ணைக் கிளறிப் பார்ப்பாள், கிளறினால் வராதம்மா, மூடி வைத்துத் தண்ணீர் ஊற்று, தானே வரும் என்று நான்தான் சொன்னேன். போன வாரம் பூசணி முளைத்தது. விதைத்தோலைத் தலையில் மாட்டிக்கொண்டு அது மண்ணை முட்டி நின்றதைப் பார்த்து இரண்டும் சிரித்தன, நம் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

மகனே, இனி எழுதுவதை உட்கார்ந்து படி. மறுநாள் களை எடுக்கப்போன சல்மா பாத்தி ஓரத்தில் மண் குவிந்திருப்பதைப் பார்த்துக் கிளறினால் உள்ளே ஜெய்புன்னிசாவின் சீப்பு, அவள் முடியோடு, ஒரு வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தது. இன்னாம்மா இது என்று அக்தரைக் கேட்டதற்கு, தம்பி காதில் விழாதபடி மெதுவாக, உம்மா மண்ணுலதான கீறாங்க, தண்ணி ஊத்துனா வந்துடுவாங்க என்றாளாம். நீ எழுதியபடி உம்மா செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்றுதான் இத்தனை மாதமும் சொல்லிவந்தோம். ஆறு வயதுப் பிள்ளைக்கு அடக்கம் செய்த அன்றே தெரிந்திருக்கிறது, யாரோ பேசியதைக் கேட்டிருக்கிறாள். நாம் அவளுக்காக மறைத்தோம், அவள் நமக்காக மறைத்திருக்கிறாள்.

நீ வேண்டாம் என்றாய், ஆனாலும் சொல்லிவிட்டேன். மடியில் வைத்துக்கொண்டு, உம்மா மௌத்தாயிட்டாங்க கண்ணு, வெதை வேற மனுசங்க வேற, எவ்ளோ தண்ணி ஊத்துனாலும் இங்க வரமாட்டாங்க என்றேன். அழவில்லை. மாலை அஸர் தொழுதுவிட்டு இருவரையும் கபர்ஸ்தானுக்குக் கூட்டிப்போய் உம்மாவை அடக்கிய இடத்தைக் காட்டினேன், தலைமாட்டில் ஒரு மருதாணிக் கொம்பு நட்டோம். முனீர் அதற்குத் தண்ணீர் ஊற்றும்போது, இது உம்மா வர்றதுக்கு இல்லடா, நெழலுக்கு என்று அவளே அவனுக்குச் சொன்னாள்.

திரும்பி வரும் வழியில் என் விரலை விட்டுவிட்டு நின்றாள். எங்க அத்தா மெய்யாலுமே குவைத்துலதான் கீறாரா, இல்ல அவரையும் மண்ணுல வச்சிட்டு இப்டி சொல்றீங்களா என்று கேட்டாள். அங்கேயே சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன். அத்தா நல்லா இருக்கார் என்று ஆணையிட்டுச் சொன்னேன். வீட்டுக்கு வந்து உன் கடிதத்தைக் காட்டினால், இத நீங்கதான எழுதுனீங்க என்கிறாள். அன்றிலிருந்து சோறு சரியாக இறங்கவில்லை. சல்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு ஊட்டுகிறாள்.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, அந்தத் தூரத்தில் தனியாக நீ அழுததும் எனக்குத் தெரியும். முதலாளியிடம் கேட்டு ஒரு தரம் வந்துவிட்டுப் போ, நாலு நாள் இருந்தாலும் போதும். நோன்புப் பெருநாளுக்குள் வந்துவிடுவார் என்று சொல்லிப் பார்த்தேன், சொல்லாதீங்க, வந்தா பாத்துக்கலாம் என்று எழுந்து போய்விட்டாள்.

வெயிலில் தலைக்குத் துணி கட்டிக்கொள், தொழுகையை விடாதே, நேரத்துக்குச் சாப்பிடு. வல்ல அல்லாஹ் உன்னை நோய் நொடியில்லாமல் காத்துப் பிள்ளைகள் முகத்தில் விழிக்க வைப்பானாக, ஆமீன். ஒன்றை மட்டும் மறக்காதே, கப்பலோ விமானமோ நாள் உறுதியான பிறகே எழுது, அதுவரை அக்தரிடம் நான் எதையும் சொல்வதாக இல்லை.

துஆவுடன்
உன் அத்தா
செ. ஜெயினுலாபுதீன்