குளியலறைச் சுவருக்கு இந்தப் பொங்கலில் வர்ணம் இல்லை

எடப்பாடி,
மார்கழி முதல் வெள்ளி.

கண்ணு கிருத்திகாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கவும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தமிழினிக் குட்டி இழுப்பு இல்லாமல் நன்றாக மூச்சு விட்டு விளையாடவும் திருச்செங்கோட்டு மலைச் சாமியை வேண்டிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். சாமி பேரை எழுதவில்லை, எழுதினால் உன் அப்பா பேரும் சேர்ந்து வந்துவிடும். போனிலேயே சொல்லலாமே என்று நினைப்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் அவர் பிடுங்கிக்கொள்கிறார், நீயும் சரிம்மா சரிம்மா என்றே பேச்சை முடித்துவிடுகிறாய். பக்கத்து வீட்டுக் காளியாத்தாள் மகள் அபிநயா லீவு முடிந்து நீங்கள் இருக்கிற டப்ளினுக்கே திரும்புகிறாள், உனக்கு அரைத்த பருப்புப் பொடியோடு இதையும் அவளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பொங்கலுக்கு வரும்போது சேலத்தில் ஓட்டலில் தங்கிக்கொள்கிறோம், பகலில் மட்டும் வீட்டுக்கு வந்து போகிறோம் என்று நீ சொன்னாயே, அன்றைக்கு நான் சரி என்றுதான் சொன்னேன். போனை வைத்துவிட்டுத் தறிக் கொட்டகைக்குள் போய் அழுதேன், அங்கே அழுதால் தறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது பார். உன்மேல் கோபம் இல்லை சாமி. போன தடவை நம் குளியலறையில் குளித்துவிட்டு வந்த பிள்ளை நெஞ்சு கீச்சுக்கீச்சென்று இழுத்ததும், சுவரில் பிடித்திருக்கிற பூஞ்சைதான் அவளுக்கு ஆகவில்லை என்று டாக்டர் சொன்னதும், நீ அவளைத் தோளில் போட்டுக்கொண்டு விடிய விடிய நடந்ததும் என் கண்ணிலேயே நிற்கிறது. பெற்றவள் பயப்படாமல் வேறு யார் பயப்படுவார்கள். என் கோபமெல்லாம் அந்தச் சுவர்மேல்தான்.

உனக்கே தெரியும், வருஷா வருஷம் மார்கழி பிறந்ததும் உரிந்த இடத்தைச் சுரண்டி, பட்டி பூசி, போகிக்குள் அவசர அவசரமாகப் பெயிண்ட் அடித்துவிடுவோம். சித்திரை வருவதற்குள் மறுபடியும் கொப்புளம் கொப்புளமாக உப்பி, அப்பளம் மாதிரி உடைந்து வாளித் தண்ணீருக்குள் விழும். உன் அப்பா ஒரு வருஷம் கடைக்காரரைத் திட்டுவார், மறு வருஷம் பெயிண்டர் மாரியப்பனைத் திட்டுவார். ஓட்டல் பேச்சு வந்த மறுநாள் நான் ஒரு முக்காலியைப் போட்டு அந்தச் சுவருக்கு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டேன். மற்ற மூன்று சுவரிலும் சும்மா ஓரிரண்டு கீறல்தான். பொறுக்குப் பொறுக்காக உரிந்து உப்புப் பூத்துக் கிடப்பது கிழக்குச் சுவர் மட்டும்தான், அதுவும் பாதிக்குக் கீழேதான். எழுந்து வெளிப்பக்கம் போய்ப் பார்த்தால் அங்கே நிற்கிறது உன் அப்பாவின் வாழை. குளித்த தண்ணீர் வீணாகக்கூடாது என்று சுவரை ஒட்டி வைத்து, சுவர்மேலேயே மண்ணை மேடாக அணைத்து, எந்நேரமும் சொதசொதவென்று வைத்திருக்கிறார். வெளியே மண் நிற்கிற உயரத்துக்குத்தான் உள்ளே பெயிண்ட் உரிந்திருக்கிறது. போதாததற்குத் தறிப் பஞ்சு உள்ளே வருகிறது என்று வென்டிலேட்டரையும் அட்டை வைத்து அடைத்திருந்தார். ஈரம் எப்படிப் போகும், எந்த வழியாகப் போகும்.

இதைச் சொன்னதற்கு, மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடறியே புள்ள என்று சிரித்தார். பிறகுதான் அவருக்கு முகம் மாறியது. அது தமிழினி பிறந்த வருஷம் வைத்த வாழை அல்லவா, அவளுக்கு முதன்முதலில் மசித்து ஊட்டியதும் அந்தப் பழம்தான். இப்போது அதன் கன்று குலை வேறு தள்ளியிருந்தது, பேத்தி வாரப்ப சரியாப் பழுக்கும் என்று தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருவார். மாரியப்பன் வந்து பார்த்துவிட்டு, செவுரு காயாம எதை அடிச்சாலும் நிக்காதுங்க, பொங்கலுக்குள்ள காயாதுங்க என்று சொல்லிவிட்டான். அதற்கு உன் அப்பா குதித்த குதி இருக்கிறதே. பொங்கலுக்குச் செவுரு மொட்டையா நின்னா எழவு உழுந்த ஊடு மாதிரி இருக்கும், கேக்கறவிகளுக்கு நான் என்ன பதில் சொல்றது என்று ஒரே சத்தம். அவர் சொன்னதும் பொய்யில்லை, துக்கம் நடந்த வீட்டில்தானே பொங்கலுக்குச் சுவரைத் தொடாமல் விடுவார்கள். சத்தம் போட்டதோடு நிற்காமல் ரோஸ் கலரில் ஒரு டப்பா வேறு வாங்கி வந்துவிட்டார். நான் சத்தம் போடவில்லை. பெயிண்ட் அடித்தால் உங்கள் மகள் கண்ணுக்கு நன்றாக இருக்கும், பிள்ளை நெஞ்சுக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். டப்பாவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலையில் நான் வாசல் தெளித்துக்கொண்டிருக்கும்போது பின்பக்கம் வெட்டுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் குலையோடு மரத்தைச் சாய்த்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். அந்தப் பச்சைக் காயைப் பார்த்ததும் எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது, அவருக்கு வரவில்லை. பக்கக் கன்றுகளைக் கொண்டுபோய்க் கிணற்றோரம் வைத்தார், மண்ணை அள்ளினார், அட்டையை எடுத்துவிட்டு வலை அடித்தார். காரையைச் செங்கல் தெரியக் கொத்திவிட்டு, பிளீச்சிங் பவுடர் போட்டு நான் கழுவினேன். இப்போது ஒரு பாலித்தீன் தாளைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம், உள்பக்கம் வேர்த்தால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தமாம். காலையில் காப்பி குடிக்காமல் முதலில் அதைத்தான் போய்ப் பார்க்கிறார். மேலே காய்ந்துவிட்டது, அடியில் இன்னும் லேசாக வேர்க்கிறது. அந்த நாற்றம் மட்டும் அடியோடு போய்விட்டது. காளியாத்தாள் வந்து பார்த்துவிட்டு, ஏனுங்க மாமா, பொங்கலுக்கு இப்படியேவா உடப் போறீங்க என்று கேட்டாள். நான் பயந்துகொண்டே அவர் முகத்தைப் பார்த்தேன். எம்பேத்தி நெஞ்சுக்காவ காயப் போட்டிருக்கறேன், பொங்கலுக்கு வாரா, வந்து பாரு என்று அவர் சொன்ன மிடுக்கை நீ பார்த்திருக்க வேண்டும். தமிழினிக்கு எட்டுகிற மாதிரி தாழ்வாக, துண்டு மாட்ட ஒரு கொக்கி வேறு அடித்து வைத்திருக்கிறார்.

ஓட்டல் அறையை வேண்டாம் என்று சொல்லிவிடு என நான் கேட்கமாட்டேன். வந்து இறங்கியதும் நீ மட்டும் முதலில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முகர்ந்து பார். உன் மனசுக்குச் சரி என்று பட்டால் பிள்ளையைத் தங்க வை. படவில்லை என்றால் எங்கள் முகத்தைப் பார்த்துத் தயங்காதே, நான் சோறு கட்டிக்கொண்டு ஓட்டலுக்கே வந்துவிடுகிறேன். சுவர் பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், மாப்பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லி வை. ரோஸ் டப்பா கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது, நன்றாகக் காய்ந்த பிறகு தை கடைசியிலோ மாசியிலோ அடித்துக்கொள்ளலாம்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு இருக்க வேண்டும். பயணத்தில் பிள்ளைக்குக் காதை மூடித் தொப்பி போடு. அவளுடைய இழுப்பு மருந்தை மட்டும் மறக்காமல் எடுத்து வா கண்ணு. இந்தத் தடவை அதைப் பையிலிருந்து எடுக்காமலே நீ திரும்பக் கொண்டுபோக வேண்டும், இந்தப் பொங்கலுக்கு நான் வேண்டிக்கொண்டது அது ஒன்றுதான்.

உன் அம்மா,
சௌந்திரம்