மெதுவாகக் காயட்டும்

மேப்பிள் கிரீக், சஸ்காச்சுவன்
செப்டம்பர் 14

ஆர்டிஸ்,

அன்புள்ள என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், வரவில்லை. பேரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நீ சொன்னபடியே செய்தேன். கஞ்சாச் செடியை வெட்டி, இலையெல்லாம் கிள்ளி எறிந்து, பூவைக் கம்பியில் தொங்கவிட்டு, பக்கத்தில் கணப்பு மூட்டி, மின்விசிறியையும் போட்டேன். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. கையில் எடுத்தால் பொடியாக உதிர்கிறது. ஒரு இழுப்பு இழுத்தேன், தொண்டை எரிந்து கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது. வாசனை வைக்கோல் வாசனை. மெடிசின் ஹாட்டிலிருந்து வந்திருந்த ட்ரூடி, "அம்மா, இதைக் குதிரைகூடத் திங்காது" என்று சிரிக்கிறாள். பெற்ற மகள் பேசுகிற பேச்சு!

வீட்டில் வளர்க்கச் சட்டம் விட்டது நாலு செடி. இரண்டு போயிற்று. மீதி இரண்டும் வெளியே நிற்கின்றன. அவையும் பாழானால், குளிர்காலம் முழுக்க இடுப்பு வலிக்கு டாக்டரின் மாத்திரைதான். கடையில் விற்கிற கஞ்சா எனக்கு ஒத்துக்கொள்ளாது, நெஞ்சு படபடக்கும். நீ அனுப்பிய விதையில் வருவதுதான் தூங்கவைக்கும் என்கிறாய். போன வருஷம் அந்த மாத்திரையைப் போட்டேன். தூக்கம் வந்தது, ஞாபகம் போயிற்று. பேரன் பெயர் நாக்கில் வரவில்லை. உன்மேல் எதற்குக் கோபம் என்பதையே ஒரு காலை முழுக்க யோசித்தேன் என்றால் பார்த்துக்கொள். ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். தலைக்குள் இருப்பதுதான் என் சொத்து. அதை யாருக்கும் கொடுக்கமாட்டேன்.

அம்மாவின் அடக்கத்துக்கு நீ வராததும் அந்தச் சொத்தில்தான் சேர்த்தி. "அறுப்பு நேரம்க்கா, விட்டுட்டு வர முடியாது" என்றாயே போனில், அந்தக் குரலோடு அப்படியே இருக்கிறது.

வெல்மா

பவல் ரிவர், பிரிட்டிஷ் கொலம்பியா
செப்டம்பர் 22

அன்புள்ள அக்கா,

உனக்கு வராவிட்டால் போகட்டும், என்னிடம் இருக்கிறது.

இங்கே கடல், மழை. எங்கள் பயமெல்லாம் பூசணம்தான். அதனால் சூட்டையும் காற்றையும் வைத்து விரட்டிக் காயவைப்போம். கொடியில் போட்ட சட்டையை மதியத்துக்குள் பலகையாக்கிவிடும் உங்கள் ஊர்க் காற்றை நான் மறந்தே போனேன். அங்கே பிறந்தவள்தான், வெட்கமாக இருக்கிறது.

நீ செய்ய வேண்டியது நேர்மாறு. உறைபனி விழுமுன் செடியை முழுசாக வெட்டு. இலையைக் கிள்ளாதே. அது பூவைப் போர்த்திக்கொண்டிருக்கட்டும். உருளைக்கிழங்கு வைக்கும் நிலவறையில், இருட்டில், தலைகீழாகத் தொங்கவிடு. விசிறி வேண்டாம். பூவில் படாமல் மூலையில் ஒரு ஈரத்துண்டைப் போடு. வெளியே மொறுமொறுவென்று ஆகி உள்ளே ஈரம் நின்றால் காரியம் கெட்டது. சின்னக் காம்பை வளைத்துப் பார். வளைந்தால் காத்திரு. முறிந்தால் பூவைக் கிள்ளிக் கண்ணாடி ஜாடியில் போடு, திணிக்காதே. தினமும் மூடியைத் திற, முகர்ந்து பார், கொஞ்சம் காற்று வாங்கவிட்டு மூடு. மூத்திர நாற்றம் அடித்தால் உள்ளே ஈரம் என்று அர்த்தம், உடனே வெளியே எடுத்துக் காகிதத்தில் பரப்பு. பச்சை நெடி போகும்வரை இதுதான் வேலை. அவசரப்படாதே. யாரிடம் சொல்கிறேன் பார்!

பக்கத்து வீட்டு டுவேனிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "உங்கக்கா கோவத்துக்குப் பக்கத்துல தொங்கவிடச் சொல்லு. அது இத்தனை வருஷமா காயாம பச்சையா இருக்குல்ல?" என்கிறான்.

தங்கை ஆர்டிஸ்

மேப்பிள் கிரீக்
அக்டோபர் 11

ஆர்டிஸ்,

அந்த டுவேன் வாயில் ஈரத்துண்டை வை.

செடிகளுக்குப் படுக்கை விரிப்பைப் போர்த்திப் பனியிலிருந்து காப்பாற்றி வெட்டினேன். இப்போது நிலவறையில் தொங்குகின்றன. இடுப்பைப் பிடித்துக்கொண்டு காலையும் மாலையும் இறங்கித் துண்டை நனைக்கிறேன். ஒரு வேளை விட்டாலும் துண்டு அட்டையாகிவிடுகிறது.

நன்றி தெரிவிக்கும் நாள் விருந்துக்கு அழைத்துப்போக ட்ரூடி காரோடு வந்தாள்.

"கிளம்பும்மா, வான்கோழி அடுப்புல இருக்கு. பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்கு."

"துண்டை யாருடி நனைப்பா?"

"ஒரு ராத்திரி காஞ்சா என்ன குடியா முழுகிடும்?"

"போன தடவை அப்படித்தான் முழுகுச்சு. நான் வரல, நீ போ."

"எங்களைவிட உனக்குச் செடி பெருசாப் போச்சா?"

கார்க் கதவை அறைந்துவிட்டுப் போனாள். நான் நிலவறைப் படியில் உட்கார்ந்தேன். அந்தப் பேச்சு எனக்குப் பழக்கமான பேச்சாக இருந்தது. யோசித்தால், அதைச் சொன்னவளே நான். "அம்மாவைவிட உனக்குச் செடி பெருசாப் போச்சா" என்று கத்திவிட்டு போனை வைத்தேன்.

வான்கோழியும் அம்மாவும் ஒன்றில்லை. அதில் நான் இறங்கி வரமாட்டேன். ஆனால் ஒன்றை அன்றைக்கு நான் கேட்கவே இல்லை. அந்த வாரம் அங்கே மழையா?

வெல்மா

பவல் ரிவர்
அக்டோபர் 20

அன்புள்ள அக்கா,

மழைதான். விடாத மழை. பூவில் சாம்பல் பூத்ததுபோல் பூசணம் ஏறிக்கொண்டிருந்தது. நல்லதை வெட்டியெடுத்து வீடு முழுக்கத் தொங்கவிட்டு, கணப்பு அணையாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம்தான் என் புருஷன் கிளெனுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. அதை இழுத்தால்தான் அவனுக்கு நாலு வாய் சோறு இறங்கும். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தான். ஆனாலும் உன்னிடம் சொல்ல வாயெடுத்தேன், நீ போனை வைத்துவிட்டாய். அவன் போன பிறகு சொல்லியிருக்கலாம். அதற்குள் எனக்கும் வீம்பு வந்துவிட்டது. நானும் நம் அப்பாவின் மகள்தானே.

காம்பு முறிந்ததா? எழுது.

ஆர்டிஸ்

மேப்பிள் கிரீக்
நவம்பர் 19

அன்புள்ள ஆர்டிஸ்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பதில் எழுதத் தெம்பில்லாமல் இத்தனை நாள் ஜாடிகளைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். கிளென் நல்ல மனுஷன். என் சமையலைக் குறை சொல்லாமல் தின்ற ஒரே ஆண்பிள்ளை.

காம்பு முறிந்தது. ஜாடியில் போட்ட மறுநாளே ஒன்றில் நீ சொன்ன நாற்றம். என் உயிரே போய்விட்டது. செய்தித்தாளில் பரப்பி, கைக்குப் பதமானதும் திரும்பப் போட்டேன். ட்ரூடி கோபம் தணிந்து வந்து பார்த்தாள். இப்போது அவளே மூடியைத் திறந்து, "எலுமிச்சைத் தோல் மாதிரி இருக்கும்மா" என்று மூக்கை எடுக்கமாட்டேன் என்கிறாள்.

நேற்று இழுத்தேன். தொண்டை எரியவில்லை. விடியும்வரை தூங்கினேன். எழுந்ததும் கண்ணைத் திறக்காமல் சோதித்துப் பார்த்தேன். பேரப்பிள்ளைகள் பெயர் வரிசையாக வந்தது. நீ என் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஊரைவிட்டுப் போனது வந்தது. என் கல்யாணத்துக்குத் தாமதமாக வந்தது, அப்பாவிடம் என்னைக் கோள்மூட்டியது, எல்லாம் வந்தது. ஒன்றும் தொலையவில்லை. மாத்திரைப் பாட்டிலை ட்ரூடியிடம் கொடுத்து, மருந்துக்கடையில் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டேன்.

அம்மாவின் கல்லறைக்கு நீ இன்னும் போகவில்லை. கிறிஸ்துமஸுக்கு வா, சேர்ந்து போகலாம். ஜாடிகளை ட்ரூடி பார்த்துக்கொள்வாள், உன்னை அழைக்க நானே விமான நிலையத்துக்கு வருவேன். உன்னைத் திட்ட இன்னும் நிறைய இருக்கிறது. எழுதி மாளாது, நேரில்தான் முடியும்.

வருவதற்கு மட்டும் டிக்கெட் எடு. திரும்புவதற்கு இப்போதே எடுத்துத் தொலைக்காதே.

உன் அக்கா
வெல்மா